சங்குக்கும் சங்குக்கும் நடுவே ஒரு போகணி

ஆலைச் சங்கு அலறியது.

ராஜபாளையத்தில் அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்காத ஆள் கிடையாது. தொட்டில் பிள்ளை வீறிடும். தெருநாய் பதிலுக்கு ஊளையிடும். கூரை மேல் உறங்குகிற சேவல், தன் வேலையை எவனோ பறித்துக்கொண்ட கோபத்தில் அவசரமாய்க் கூவும். ஆலைத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் பாயில் படுத்திருந்த ஏசம்மாளோ, கண்ணைத் திறக்காமலே எழுந்து அடுப்படிக்கு நடந்தாள்.

கண் எதற்கு? ஆலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கைகால்களுக்குப் பழகிய வழி அது. முதல் சங்குக்கு எழ வேண்டும். இரண்டாம் சங்கு ஊதி முடிவதற்குள் ஆலைக் கேட்டுக்குள் நிற்க வேண்டும். முடிந்துவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அன்றைய கூலி போச்சு. அந்த இடைவெளியில் முகம் கழுவி, தலை வாரி, ஓட்டமும் நடையுமாய்ப் போகிற பெண், மதியம் வரை ரீலிங் மிஷின் முன்னால் நின்றபடி நூல் சுற்ற வேண்டும். வேலைக்குப் போன புதிதில் வெறும் வயிற்றோடு போய் மிஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தாள். அதன் பிறகு அவளே யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்தப் போகணிக் கஞ்சி.

மாடக்குழியில் ஒரு தகர டின். அதில் மாவு. கேப்பையை முளைகட்டி, ஆவியில் அவித்து, வெயிலில் காயப்போட்டு, தெருவெல்லாம் மணக்கிற வரை வறுத்து, பொரிகடலையும் சுக்கும் சேர்த்துத் திரித்த மாவு. வேக வேண்டியது முன்கூட்டியே வெந்துவிட்டதால் அடுப்பில் ஏற்றிக் கிண்டுகிற வேலையே இல்லை. கைப்பிடி வைத்த எனாமல் போகணியில் இரண்டு கை மாவு போடுவாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு விரலால் குழப்புவாள். அப்போதுதான் கட்டி தட்டாது. ஒரு கல் உப்பு, ஒரு பிடி இடித்த கருப்பட்டி. அதன் தலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கரண்டிக் காம்பால் நாலு சுழற்று. கஞ்சி கெட்டியாகி, பளபளவென்று விளிம்பு வரை எழும்பி வரும். ஊதி ஊதி ஒரே மூச்சாய்க் குடித்தால் மதியச் சங்கு வரை வயிறு வாய் திறக்காது.

இன்றைக்கும் கை டின்னைத் தேடியது. இன்றைக்கு அடுப்பில் தண்ணீர் ஏற்கெனவே தளதளத்துக்கொண்டிருந்தது. யார் வைத்தார்கள், இவ்வளவு பெரிய பானையில் எதற்கு வைத்தார்கள் என்றெல்லாம் அவள் தூக்கம் கேட்கவில்லை. கரைத்தாள், ஊற்றினாள், சுழற்றினாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வாசலில் கால் வைத்தாள்.

"ஏட்டி! எங்க கிளம்பிட்ட?"

எதிரே அய்யம்மாள் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, ஆலையில் பக்கத்து மிஷின்காரியும்கூட. கையில் ஒரு கூடை மல்லிகைப்பூ.

"சங்கு ஊதிட்டுல்லா?"

"சங்கு ஊதுனா? இன்னிக்கு உனக்குக் கல்யாணம்ட்டி கூறுகெட்டவளே!"

அப்போதுதான் ஏசம்மாளின் கண் முழுசாய்த் திறந்தது. வீடு நிறைய உறவுக்காரர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். கொடியில் கூறைப்புடவை தொங்குகிறது. கையில் காலிப் போகணி.

போகணி கீழே விழுந்து உருண்டது.

"அய்யம்மா... நான் குடிச்சிட்டேன்!"

"குடிச்சா என்ன? இன்னொரு போகணி போட்டு எனக்குங் குடு."

"உனக்குத் தெரியாது. எங்க சாமி காரியம் இது."

ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோவிலில் இன்னும் செத்த நேரத்தில் அவளுக்கும் சூசைக்கும் கல்யாணம். தாலி கட்டியதும் பூசை. பூசையில் மாப்பிள்ளையும் பெண்ணும் முழந்தாளிட்டு நன்மை வாங்க வேண்டும். சாமியார் நாக்கில் வைக்கும் அந்தத் தேவ அப்பத்தை வாங்குகிறவர்கள், நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் உண்ணக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. கத்தோலிக்க வீட்டில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு.

"ஒரு வாய்க் கஞ்சிதான! நல்லாக் கொப்புளிச்சிட்டு வாங்கிக்கோ. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் அய்யம்மாள்.

"எனக்குத் தெரியும்லா! சாமிகிட்ட எங்குட்டுப் போயி ஒளிய?"

"அப்ப வாங்காம இருந்துரு."

"வாங்காம இருந்தா ஊருக்கே தெரியும்லா!"

அதுதான் ஏசம்மாளின் நெஞ்சை அடைத்தது. சூசையின் அம்மா அன்னத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலில் முதல் வரிசைக்காரி. யார் நன்மை வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று சாமியாரைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். சென்ற வருஷம் ஒரு கல்யாணப் பெண் நன்மை வாங்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அன்னத்தாய் கோவில் முற்றத்தில் நின்றே கேட்டாள்: "மனசுல அழுக்கு இல்லாதவ எதுக்கு வாயப் பொத்துதா?" அந்தப் பெண் இன்று வரை யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த அன்னத்தாய்க்குத்தான் இப்போது ஏசம்மாள் மருமகளாய்ப் போகிறாள்!

"பூசைக்கு முன்னாடியே சாமியாரப் பாத்துச் சொல்லிரணும்" என்றாள் ஏசம்மாள். "அவரு ஒரு வார்த்த சொன்னா அத்தை வாயத் தொறக்க மாட்டாக. அய்யம்மா, சீக்கிரம் எனக்குச் சேலையக் கட்டிவிடு. பஸ் முன்னாடி போயிச் சேரணும்!"

எந்தக் கல்யாணப் பெண்ணும் அவ்வளவு வேகமாய்ச் சேலை உடுத்தியதில்லை. அவள் அப்பா சவரிமுத்து வேட்டியை இறுக்கிக்கொண்டே, "புருசன் வீட்டுக்குப் போக இம்புட்டு அவசரமா தாயி!" என்று கண் கலங்கினார். அய்யம்மாள் சீர்ச் சாமான்களைத் தூக்கிப் பஸ்ஸின் தலையில் போட்டாள். பாத்திரம், பாய், பெட்டி. அதோடு ஏசம்மாள் புது வீட்டுக்குக் கொண்டுபோகிற மாவு டின்னும், போகணியும்.

யுத்த காலத்துப் பஸ். பெட்ரோல் கிடையாது, பின்னால் ஒரு பெரிய பீப்பாயில் கரியை எரித்து, அந்தப் புகையில்தான் ஓட வேண்டும். ஓடும் நேரம் பாதி, இருமும் நேரம் பாதி. பாதி வழியில், ஒரு சின்ன மேட்டில், பெருமூச்சு ஒன்று விட்டு நின்றே போய்விட்டது.

டிரைவர் வேல்சாமி இறங்கிப் பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். "கேஸ் ஏறலயே. கரி அமிஞ்சுபோச்சு. காத்தாடியச் சுத்தணும். கிளீனர்ப் பய இன்னிக்கு வரல. செத்த நேரம் பொறுங்க."

"எம்புட்டு நேரம்?" என்றாள் ஏசம்மாள்.

"அது கரியோட மனசப் பொறுத்தது."

உறவுக்காரப் பெண்கள் "ஐயையோ, ஐயையோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே ஏசம்மாள் கீழே குதித்தாள். கூறைப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். காத்தாடியின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்ற ஆரம்பித்தாள். நாள் முழுக்க ரீல் சுற்றுகிற கை அது. காற்று 'விர்'ரென்று பீப்பாய்க்குள் பாய்ந்தது. கரி கண் சிவந்தது.

"அடேயப்பா!" வேல்சாமி வாயைப் பிளந்தார். "என்னா பெலம்! காலையில என்னம்மா சாப்பிட்ட?"

ஏசம்மாளின் கை ஒரு கணம் நின்றேவிட்டது. அய்யம்மாள் சட்டென்று குறுக்கே வந்தாள். "கல்யாணப் பொண்ணு காலையில சாப்பிடுமாவே? வாய வச்சிக்கிட்டுக் கரியக் கிளறும்!"

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சைக்கிள் மணி கணகணத்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டுத் துண்டு. மாப்பிள்ளை சூசையேதான்! ஆலையில் பிட்டர் வேலை. நேற்று ராத்திரி வரை லீவு கிடைக்காமல், ஆலை அருகே ஒரு ரூமில் தூங்கி விடிந்ததும் புறப்பட்டிருக்கிறான். பின் சீட்டில் அவன் சிநேகிதர் சுப்புராஜ். விடியற்காலைச் சங்கை இழுக்கிற பாய்லர்க்காரர் இவர்தான். முதல் சங்கை இழுத்த கையோடு ஷிப்ட் மாற்றிவிட்டுச் சைக்கிளில் தொற்றிக்கொண்டார்.

"ஏலே வேல்சாமி!" என்று கத்தினான் சூசை. "எம் பொண்டாட்டியச் சுத்த விட்டா வண்டி ஓட்டுத?"

"இன்னும் உன் பொண்டாட்டி ஆகலலே! அதுக்குத்தான் சுத்துதாக!" என்றார் வேல்சாமி. பஸ் முழுக்கச் சிரிப்பு.

ஏசம்மாள் வாயெடுத்தாள். இவனிடமாவது சொல்லிவிடலாம், சைக்கிளில் முன்னால் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிடுவான். ஆனால் அப்பா, சித்தப்பா, அத்தை, சின்னம்மா என்று சுற்றிலும் அத்தனை காது! அவள் கண் இமைப்பதற்குள் சைக்கிள் மேட்டைத் தாண்டிப் பறந்துவிட்டது.

ஒரு வழியாய்ப் பஸ் இருமியது, தும்மியது, புறப்பட்டது. ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணில் பட்டபோது மாதா கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஏசம்மாள் இறங்கி ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். பிரயோசனமில்லை. சாமியார் பூசை உடுப்புகளை அணிந்து பீடத்தடியில் நின்றுவிட்டார். முதல் வரிசையில் பட்டுச் சேலை சரசரக்க, கையில் ஜெபமாலையோடு அன்னத்தாய். மருமகளின் நெற்றியில் அப்பியிருந்த கரியைப் பார்த்து அவள் புருவம் உயர்ந்தது.

சூசை தாலி கட்டினான். கெட்டிமேளம் இல்லாத குறைக்கு ஏசம்மாளின் நெஞ்சே கொட்டி முழக்கியது. பூசை தொடங்கிற்று. லத்தீன் மந்திரங்கள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அந்த நேரத்தை அருகே இழுத்து வந்தது. பொறுக்க முடியாமல், தலையைக் குனிந்தபடியே பக்கத்தில் கிசுகிசுத்தாள்.

"ஏங்க."

"ம்?"

"நான் நன்மை வாங்க முடியாது. சங்கு ஊதுச்சா... தூக்கக் கலக்கத்துல கஞ்சியக் கரைச்சுக் குடிச்சிட்டேன்."

சூசையின் தோள் குலுங்கியது. கோபமா, சிரிப்பா? திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மணி அடித்தது. சாமியார் பாத்திரத்தோடு படி இறங்கி வந்தார். முதலில் ஏசம்மாள் முன்னால் நின்றார். அவள் உதட்டை இறுக மூடி, தலையை அசைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் முதல் வரிசையில் ஜெபமாலை மணிகள் உருள்வது நின்றுபோனதை அவள் காதால் கேட்டாள். சாமியார் ஒரு கணம் தயங்கிவிட்டு மாப்பிள்ளையிடம் நகர்ந்தார்.

சூசையும் உதட்டை மூடிக்கொண்டு தலையை அசைத்தான்!

கோவில் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. ஏசம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அட, இவருமா! அதே சங்கு, அதே தூக்கக் கலக்கம், இவருக்கும் வேலை செய்திருக்கிறதா! பாரமெல்லாம் பாதியாய் இறங்கிவிட்டது போலிருந்தது. வந்த சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் முற்றத்தில் அன்னத்தாய் காத்திருந்தாள். ஒருத்தி வாங்காவிட்டால் ஒரு கேள்வி. இரண்டு பேரும் வாங்காவிட்டால்?

"ஏலே சூசை! ஏட்டி! இங்க வாங்க ரெண்டு பேரும். ரெண்டு பேருஞ் சேந்து பண்ணுன பாவம் என்ன? இப்பமே சொல்லுங்க!"

கல்யாணக் கூட்டம் அப்படியே வளைத்துக்கொண்டது. சவரிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. ஏசம்மாள் அப்பாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"பாவம் ஒண்ணும் பண்ணல அத்தை. ஆலைச் சங்கு ஊதுச்சு. பழக்க தோசத்துல கஞ்சி போட்டுக் குடிச்சிட்டேன். குடிச்ச பொறவுதான் முழிப்பே வந்துச்சு."

"கஞ்சியா?" அன்னத்தாய் இடுப்பில் கை வைத்தாள். "யாருகிட்டட்டி கதை விடுத? உலை வைக்கணும், மாவு கரைக்கணும், அடிபிடிக்காமக் கிண்டணும், வெந்து இறங்கணும். கல்யாணமாகி வந்த நாளுல இருந்து கஞ்சி காச்சுதேன் நான். தூங்கிக்கிட்டே ஒருத்தி கஞ்சி காச்சுவாளா? அடுப்பக் கனவுலயா ஊதுன?"

கூட்டத்தில் நாலைந்து பெண்கள், "அதான, அதான" என்றார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறதே!

"அது அடுப்புல காச்சுற கஞ்சி இல்ல அத்தை. போகணியிலயே போடுறது."

"போகணியிலயா? வெந்நியில மாவப் போட்டா பச்ச மாவு வாசம்லா அடிக்கும்! நாய் குடிக்குமா அத?"

ஏசம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அய்யம்மா! எஞ் சாமானுல இருந்து டின்ன எடு. போகணியையும் எடு."

அய்யம்மாள் பஸ்ஸின் ஏணியில் தாவி ஏறினாள். முற்றத்து மூலையில் கல்யாணக் காப்பிக்காக ஒரு அண்டா வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சமையற்காரர் பயந்துபோய்த் தாமாகவே ஒதுங்கி நின்றார். கருப்பட்டியும் உப்பும் கேளாமலே வந்து சேர்ந்தன.

"இருங்க, இருங்க!" சுப்புராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சங்கு இல்லாமப் பொண்ணு எப்படி எந்திரிக்கும்? தினமும் இழுக்கிறவன் நான் இருக்கேன்ல. ஏம்மா, தயாரா?"

ஏசம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சுப்புராஜ் இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஊஊஊ..." என்று இழுத்தார். அந்த ஆலையே வந்து நின்றது போல ஒரு சத்தம். மாதா கோவில் புறாக்கள் சடசடவென்று பறந்தன.

டின் திறந்தது. இரண்டு கை மாவு. பச்சைத் தண்ணீர், விரல் ஒரு சுற்று. உப்பு, கருப்பட்டி. மூடிய கண்ணோடு அண்டாப் பக்கம் கை நீண்டது. கரண்டி வெந்நீரை மொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் போகணியில் இறக்கியது. கரண்டிக் காம்பு சுழன்றது. முகம் நெருப்பாய்ச் சிவக்கச் சிவக்கச் சுப்புராஜ் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு தீர்வதற்குள், சுக்கு மணக்க, ஆவி பறக்க, கஞ்சி விளிம்பு தொட்டு நின்றது.

"ஆச்சு அத்தை" என்று கண்ணைத் திறந்தாள்.

கூட்டம் கைதட்டியது. ஆலைக்காரப் பெண்கள் குலவையே இட்டுவிட்டார்கள். அன்னத்தாய் மட்டும் அசையவில்லை. போகணியை வாங்கி மோந்து பார்த்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுச் சப்புக்கொட்டினாள். மாவு வாசத்தைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இன்னொரு வாய் குடித்தாள். ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெந்துதான் இருக்கு" என்றாள் கடைசியில், மனசே இல்லாமல்.

சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த சாமியார் சிரித்துவிட்டார். "அன்னத்தாய், தூக்கத்துல குடிச்சது பாவத்துல சேராது. நோன்புதான் முறிஞ்சது. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் வெறும் வயித்தோட பூசைக்கு வரட்டும், நன்மை குடுக்கேன். இன்னைக்குக் காப்பிய ஊத்தச் சொல்லு."

அன்னத்தாய் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் இதத்தான் குடிச்சியாக்கும்?"

"சங்கு ஊதுனா ஆலைக்காரன் கை சும்மா இருக்குமாம்மா?" என்றான் சூசை.

முற்றமே அதிரச் சிரித்தது. அடுத்த நிமிஷம் அன்னத்தாய் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஆதியிலிருந்தே தனக்குத் தெரிந்த சங்கதி போல விளக்கிக்கொண்டிருந்தாள்: "கேப்பைய அவிச்சுல்லா காயப் போட்டிருக்கா எம் மருமவ! அவிச்ச மாவுக்கு எதுக்கு அடுப்பு?"

சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி அண்டாப் பக்கம் போனார். ஏசம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரே காலையில் இவ்வளவு பயமும் இவ்வளவு சந்தோஷமும் ஒரு மனுஷிக்குத் தாங்குமா?

அம்மா வைத்துவிட்டுப் போன போகணியைச் சூசை எடுத்தான். ஊதக்கூட இல்லை, அப்படியே கவிழ்த்தான். அடியைத் தட்டினான். விரலை விட்டு வழித்து நக்கினான். பிறகு பட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, போகணியை அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னொண்ணு போடு."

அவள் போட்டாள். அதுவும் அதே வேகத்தில் மறைந்தது. ஆளுக்கு நெற்றி வேர்த்து, இப்போதுதான் முகத்தில் களை வந்தது. மூன்றாவதுக்கு அவன் கை நீண்டபோது ஏசம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"காலையிலதான ஒரு போகணி குடிச்சீக? அதுக்குள்ள இம்புட்டுப் பசியா?"

சூசை அக்கம்பக்கம் பார்த்தான். அம்மா தூரத்தில் இருந்தாள்; சாமியார் உள்ளே போயிருந்தார். அவள் காதருகே குனிந்தான்.

"நான் எங்கட்டி குடிச்சேன்? நேத்து ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."